இரண்டாம் படத்தில் இல்லாத பையன்

என் வயதுக்காரர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு யார் மேலும் எளிதில் நம்பிக்கை வராது. பால் பாக்கெட்டைத் திருப்பித் தேதி பார்க்காமல் வாங்க மாட்டேன். மகள் ட்யூஷனில் இருப்பதாகப் போனில் சொன்னால், பின்னால் என்ன சத்தம் கேட்கிறது என்று காதைத் தீட்டிக்கொள்வேன். முன்நெற்றி நரைக்கு மருதாணி பூசத் தொடங்கியாயிற்று. இனி இந்தக் குணம் மாறப் போவதில்லை.

இது எனக்கு எங்கே ஒட்டிக்கொண்டது என்று தெரியும். பூனா பக்கத்துத் தேஹு ரோடு டெப்போ குவார்ட்டர்ஸில், நான் ஆறாவது படித்த வருஷம், மழை பிடித்த நாள் முதல் கிறிஸ்துமஸ் நெருங்கும் வரை. அப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு விண்வெளிக் கார்ட்டூன் தொடர் வந்தது. உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள், மீதிப் பாதி பார்த்ததில்லை என்று பொய் சொல்வீர்கள்.

அதற்கு முன்பே இரண்டு சினிமாக்கள் வந்து சக்கைப் போடு போட்டிருந்தன. செத்துப்போன ஒரு நிலாவைத் தோண்டிக் கனிமம் எடுக்கும் ஊர். தோண்டும் இயந்திரங்கள் ஒருநாள் மனிதர் பேச்சைக் கேட்க மறுத்துவிடும். முதல் படத்தின் முடிவில் ஒரு தாயும் அவள் மகனும் ஓட்டைக் கப்பல் ஒன்றில் ஏறித் தப்பிப்பார்கள். இரண்டாம் படம் பல வருஷம் கழித்துத் தொடங்கும். தாய்க்கு முடி நரைத்திருக்கும், தனியாக இருப்பாள், அவளுக்கு மகன் என்று ஒருவன் இருந்ததையே படத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு படங்களுக்கும் நடுவில் நடந்ததைச் சொல்லத்தான் அந்தக் கார்ட்டூன்.

எங்கள் வீட்டில் சினிமா கிடையாது. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். சினிமா பாவம், கார்ட்டூன் பாவமில்லை என்பது அப்பா வகுத்த சட்டம். பொம்மை பேசுவதில் என்ன பாவம் என்பார். பொம்மைக்குப் பின்னால் ஓர் ஆள் நின்று பேச வேண்டுமே என்பது அவருக்குத் தோன்றியதில்லை. ஞாயிறு காலையில் கோயிலை மராத்திக்காரர்களும் ஆங்கில ஆராதனைக்காரர்களும் எடுத்துக்கொள்வார்கள். தமிழ் ஆராதனை மாலையில்தான். அதனால் எனக்குக் காலை முழுக்கச் சொந்தம். டிவிக்கு அம்மா ஒரு வெள்ளைத் துணி உறை தைத்திருந்தாள், அதில் நீல நூலில் வேத வசனம் பின்னியிருக்கும். வசனத்தை மடித்து மேலே வைத்துவிட்டு நான் இயந்திரங்களைப் பார்ப்பேன். எல்லாம் இந்தியில்தான் வரும். தமிழ்நாட்டில் அதே கார்ட்டூன் தமிழில் வருகிறது என்பதே எனக்குத் தெரியாது.

இரண்டாம் படத்தில் அந்தப் பையன் இல்லை என்று பள்ளி பஸ்ஸில்தான் சொன்னார்கள். படம் பார்த்த ஒருத்தி, ஏதோ சாதாரண விஷயம் போல, வேர்க்கடலையை உரித்துக்கொண்டே சொன்னாள். இரண்டாம் படத்தில் இல்லை என்றால் நடுவில் அவனை ஏதோ செய்யப் போகிறார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் சந்தேகத்தோடுதான் உட்கார்ந்தேன். அவன் படியில் கால் வைத்தால் படி உடையுமோ என்று தோன்றும். அவனிடம் யாராவது அன்பாகப் பேசினால் இன்னும் பயமாக இருக்கும்.

இப்போது அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் ஒரே தங்கை. தாத்தாவும் ஆச்சியும் போன பிறகு எங்களோடு இருந்தாள். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர், கோயில் பாடகர் குழுவில் முதல் வரிசை. அந்த வருஷம் மழைக்காலம் தொடங்கியதும், மும்பையில் மாண்டிசோரிப் பயிற்சி என்று சொல்லிச் சனிக்கிழமைதோறும் கிளம்பத் தொடங்கினாள். விடியுமுன் லோனாவலா லோக்கல் ரயில், அங்கிருந்து மும்பை வண்டி. விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடுவாள். களைத்துப்போய், ஆனால் முகம் மட்டும் பளிச்சென்று வருவாள். பயிற்சிக்குப் போய்விட்டு வருகிற யாருக்கும் அப்படி ஒரு முகம் இருக்காது என்பதை அம்மாதான் முதலில் கவனித்தாள்.

அத்தை மேல் எனக்கு வந்த சந்தேகம் வேறு. ஒரு வாரம் பையன் பனிக்குகையில் மாட்டிக்கொண்டான், கதவு மூடிக்கொண்டது, அதோடு முடித்துவிட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தை எனக்குத் தலை பின்னிக்கொண்டே, சீப்பை வாயில் கவ்வியபடி, அவன் தண்ணீர்க் குழாய் வழியாக வந்துவிடுவான் என்றாள். அடுத்த ஞாயிறு அவன் தண்ணீர்க் குழாய் வழியாகத்தான் வந்தான். அத்தையோ அந்தக் கார்ட்டூனை உட்கார்ந்து பார்த்ததே கிடையாது.

இன்னொரு முறை, கப்பலில் இருக்கும் கிழவர் துரோகி என்று முன்கூட்டியே சொன்னாள். அதுவும் பலித்தது. எங்கள் சபையில் சிலருக்குத் தீர்க்கதரிசன வரம் உண்டு என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அத்தைக்கும் அது இறங்கிவிட்டது என்று முடிவு செய்தேன். சோதித்துப் பார்க்கக் கணக்குப் பரீட்சையில் என்ன கேள்வி வரும் என்று கேட்டேன். பின்னம் வரும் என்றாள், வடிவியல் வந்தது. ஆண்டவர் கார்ட்டூனுக்கு மட்டும் தனியாக வரம் கொடுப்பாரா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பெரியவர்களின் சந்தேகம் குளியலறையில் தொடங்கியது. அடுத்த குவார்ட்டர்ஸ் மராத்திக்காரம்மாவை நாங்கள் காக்கூ என்று கூப்பிடுவோம். அவர்கள் வீட்டுத் துணி துவைக்கும் இடத்துக்கும் எங்கள் குளியலறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஒருநாள் காக்கூ வந்து, அம்மாவின் காதில், உங்கள் குளியலறைக்குள் ஒரு பையனின் குரல் கேட்டது என்றார். உள்ளே இருந்தது உங்கள் நாத்தனார்தான், குழாயைத் திறந்துவிட்டிருந்தாள், ஆனாலும் குரல் கேட்டது என்றார். காக்கூ கெட்டவர் இல்லை. சொல்லும்போது கையில் எங்களுக்காக ஒரு கிண்ணம் அவல் போஹாவும் வைத்திருந்தார்.

அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா டெப்போவில் ஸ்டோர் கீப்பர். வெடிமருந்து இருக்கிற இடம், தீப்பெட்டி கூட உள்ளே போகக் கூடாது. தினமும் வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், டிபன் டப்பாவைத் திறந்து காட்ட வேண்டும். வருஷக்கணக்கில் சோதனைக்கு நின்று நின்று அவருக்குச் சோதனை மேல் அபார நம்பிக்கை. அன்றிலிருந்து சனிக்கிழமை மாலைகளில் அத்தையின் கைப்பையைச் சோதித்தார். அவள் முகம் கழுவப் போகும் நேரத்தில், செய்தித்தாள் தேடுவது போல.

பையில் காதல் கடிதமும் இல்லை, ஆண்பிள்ளை போட்டோவும் இல்லை. வெந்நீர் பிளாஸ்க், இஞ்சி மிட்டாய், தொண்டைக் கரகரப்புக்குச் சப்பும் மாத்திரை, ஈரத்துணியில் சுற்றிய கற்பூரவள்ளி இலை. அப்பா ரொம்ப யோசித்தார். கடைசியில், வாய் நாற்றத்தை மறைக்கத்தான் இதெல்லாம் என்று முடிவுக்கு வந்தார். யாரோ ஒருவன் அவளைச் சிகரெட் பழக்கி வைத்திருக்கிறான். இதை அம்மாவிடம் அடுக்களையில் தழைந்த குரலில் சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால்தான் இருந்தேன். சிரிக்காதீர்கள். அவர் முகத்தில் நிஜமாகவே பயம் இருந்தது. தாய் தகப்பன் இல்லாத தங்கையைக் கெடுத்துவிட்டோமோ என்கிற பயம். அது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அன்று அவரைப் பார்க்க எரிச்சலாகத்தான் இருந்தது.

உடனே மாப்பிள்ளை தேடச் சொல்லி ஊருக்குச் சொல்லி அனுப்பினார்.

உண்மையை நான் குளியலறைக் கதவுக்கு வெளியே கண்டுபிடித்தேன். பள்ளி விடுமுறை நாள், அம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். உள்ளே தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, நடுவே ஒரு பையன் தமிழில் பேசிக்கொண்டிருந்தான். கரகரத்த, பாதி உடைந்த குரல். "அம்மா, நீ கப்பலை எடு. நான் கதவைப் பிடிச்சுக்கிறேன்." நிறுத்திவிட்டு, அதையே இன்னும் கொஞ்சம் அவசரமாக மறுபடி சொன்னான். அது என் பையன். இந்தியில் மட்டுமே எனக்குத் தெரிந்தவன் எங்கள் வீட்டுக் குளியலறையில் தமிழ் பேசுகிறான்.

கதவைத் தட்டினேன். அத்தை திறந்தாள். கையில் துவைக்காத துணி. நான் என்று தெரிந்ததும் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மும்பையில் ஒரு பாடகர் விழாவில் அவள் பாடியதைக் கேட்ட யாரோ ஓர் அம்மாள் ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனாராம். ஒரே கட்டடத்தில் எல்லா மொழியிலும் கார்ட்டூனுக்குக் குரல் கொடுக்கிறார்களாம். சின்னப் பையன்களுக்குப் பெண்கள்தான் பேசுவார்களாம். இருட்டறையில் நின்று, பொம்மை வாயைத் திறக்கும்போது திறந்து, மூடும்போது மூட வேண்டுமாம். போன சனிக்கிழமை பேசி முடித்த வரியை, அந்தக் குரல் நழுவிவிடாமல் இருக்கத்தான் குளியலறையில் மறுபடி சொல்லிப் பார்த்தாளாம். சொல்லச் சொல்ல அவளுக்கு மூச்சு வாங்கியது. பாடகர் குழுவில் என் குரல் எல்லார் குரலோடும் கரைந்துவிடும், அங்கே ஒரு பையன் என் குரலில்தான் உயிரோடு இருக்கிறான் என்றாள். அத்தை அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை, எனக்கு அழுகை வந்தது.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அவன் சாவானா?

"தெரியாதுட்டி. பேசப் போற அன்னைக்குத்தான் எங்களுக்கே சொல்லுவாவ. இன்னும் கடைசிப் பாகம் மட்டுந்தான் இருக்கு." துணியை முறுக்கிப் பிழிந்தாள். "இரண்டாவது படத்துல அவன் இல்லைன்னு எனக்கும் தெரியும்."

அவளுக்கும் அதே பயம் என்பது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? அவன் பிழைத்தால் தொடர் நீளும், அடுத்த வருஷமும் கூப்பிடுவார்கள். வேறு பாத்திரங்களும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் கடைசிப் பாகத்தை அவள் போய்ப் பேசி முடித்தால்தான் எல்லாம். பாதியில் விட்டவளை மறுபடி சேர்க்க மாட்டார்கள். அந்தச் சனிக்கிழமைக்குத்தான் அப்பா மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொல்லியிருந்தார்.

அத்தை கெஞ்சிப் பார்த்தாள். பயிற்சியின் கடைசி வகுப்பு, தவறினால் சான்றிதழ் கிடைக்காது என்றாள். சான்றிதழை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று அப்பா கேட்டார். ஊரிலிருந்து ரயிலேறிவிட்டவர்களை எப்படித் திரும்பிப் போகச் சொல்வது?

மாப்பிள்ளை வீட்டில் நாலைந்து பேர் வந்தார்கள். மாப்பிள்ளை பாளையங்கோட்டையில் கிளார்க், நல்ல மாதிரி, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அம்மா வெள்ளைச் சேலை, கனத்த வேதப்புத்தகம். மாப்பிள்ளையின் அக்கா மகள் ஒரு குட்டிப் பெண்ணும் வந்திருந்தது, பிஸ்கட்டை டீயில் முக்கி முக்கி உடைத்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்தால் பெண்ணை வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசிக்கச் சொல்வார்கள். உச்சரிப்பு எப்படி, பணிவு எப்படி என்று அதிலேயே பார்த்துவிடுவார்கள். பூனாவில் வளர்ந்த பெண்ணுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா என்கிற சந்தேகம் வேறு.

அத்தை வாசித்தாள். அழகாகவே வாசித்தாள். பாதி வாசிக்கும்போது குட்டிப் பெண் பிஸ்கட்டை விட்டுவிட்டு எழுந்து வந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டது. வாயையே பார்த்தது. ஊரில் அது அந்தக் கார்ட்டூனைத் தமிழில் பார்க்கிற பிள்ளை. எனக்கோ அத்தைக்கோ அது அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

"ஏ, நீ எப்ப உங்க அம்மாகிட்ட போவ?" என்று கேட்டது.

பெரியவர்கள் சிரித்தார்கள். இந்த அத்தைக்கு அம்மா இல்லை, பரலோகத்தில் இருக்கிறார்கள் என்று யாரோ விளக்கினார்கள். குழந்தை விடவில்லை. கதவு மூடிவிட்டதே, நீ உள்ளேயே இருந்துவிட்டாயே என்று விம்மத் தொடங்கியது. முந்தைய ஞாயிறு அங்கேதான் நிறுத்தியிருந்தார்கள். அத்தை ஒரு சொல்லும் பேசாமல் இருந்தால் தப்பிவிடுவாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வேடிக்கை காட்டினால் போதும் என்று எனக்கே தெரிந்தது.

அத்தை வேதப்புத்தகத்தை மூடி வைத்தாள். குனிந்து, குழந்தையின் கண்ணைத் துடைத்து, அந்தப் பையனின் குரலில் பேசினாள். "அழாதே. எனக்குப் பயமே இல்ல. நான் வழி கண்டுபிடிச்சிருவேன்."

குழந்தை உடனே சிரித்துவிட்டது. வேறு யாரும் சிரிக்கவில்லை. காக்கூ சொன்ன குரல் எது என்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே நொடியில் தெரிந்ததை நான் அவர்கள் முகத்தில் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா நிதானமாக விசாரித்தார், அத்தை ஒளிக்காமல் சொன்னாள். ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். நம் ஆட்கள் ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம் என்றால் என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா நிம்மதி அடைவார் என்று நினைத்தேன். சிகரெட்டும் இல்லை, ஆளும் இல்லை. அவரோ நாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஒரு பையன்னு இருந்தா, மராத்திக்காரனா இருந்தாலும் கட்டி வச்சிருப்பேன். இதுக்கு நான் என்னத்தப் பண்ண?"

அதன் பிறகு சனிக்கிழமை ரயில் நின்றது. மும்பையிலிருந்து ஒருமுறை போன் வந்தது, அப்பா எடுத்து, அவள் ஊரில் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார். அத்தை அடுத்த அறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசிப் பாகத்தை வேறொருத்தி பேசிவிட்டாள் என்று பின்னால் தெரிந்தது. அத்தை பாடகர் குழுவுக்கும் போகவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்றாள், அதையும் அப்பா நம்பவில்லை.

கடைசிப் பாகத்தைச் சில வாரம் காக்க வைத்துத்தான் போட்டார்கள். அது எங்களுக்கு இந்தியில் வந்த ஞாயிறு, வீட்டில் எல்லாரும் இருந்தோம். அத்தை முதன்முறையாக என் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தாள். அப்பா எழுந்து போகவில்லை. என்னதான் செய்கிறாள் என்று கண்காணிக்க இருந்தாரா, அவருக்கும் பார்க்க ஆசையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ரிமோட் அவர் கையில் இருந்தது.

கதவின் ஒரு பக்கம் தாய், மறுபக்கம் பையன். இயந்திரங்கள் நெருங்குகின்றன. கப்பல் கிளம்ப வேண்டும். பையன் கதவில் நெற்றியை வைத்துப் பேச வாயைத் திறந்தான். இந்திக் குரல் வந்தது. அதன் மேலேயே அத்தை தமிழில் பேசத் தொடங்கினாள், அவன் உதடு அசையும்போது அவளும் அசைந்து, நிறுத்தும்போது நிறுத்தி. முதலில் முணுமுணுப்பு, பிறகு முழுக் குரல்.

அப்பா ஒலியைக் கூட்டினார். அத்தையும் குரலை உயர்த்தினாள். அவர் இன்னும் கூட்டினார். வீடே அதிர்ந்தது, காக்கூ வீட்டு ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. அத்தையின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது, அவள் பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை.

அம்மா அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேரே போய் டிவி பிளக்கைப் பிடுங்கினாள். பிடுங்கிய வயரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். சனிக்கிழமைதோறும் விடியுமுன் அத்தையின் பிளாஸ்கில் வெந்நீரை ஊற்றிக் கொடுத்தது யார் என்று எனக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது.

படம் போய்விட்டது. அத்தை நிறுத்தவில்லை. கருத்துப்போன கண்ணாடியைப் பார்த்தபடி, அந்தப் பையனின் கரகரத்த குரலில், நிதானமாகச் சொல்லி முடித்தாள். "நான் சாகல. போறேன், அவ்வளவுதான். நீங்க எல்லாரும் என்னைப் பத்திப் பேசாம இருந்தாலும் பரவால்ல. நான் இருப்பேன்."

அப்பா ரிமோட்டைக் கீழே வைத்தார். பிறகு, அந்த விஷயமாக அன்று வரை அவளிடம் கேட்டிராத விதத்தில், சாதாரணமாகக் கேட்டார்.

"கடைசியில இப்படித்தான் வருதா?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? கடைசிப் பாகம் பேச நீங்க விடலியே."

அடுத்த சனிக்கிழமை, மறுபடி சேர்ப்பார்களா என்று தெரியாமலே, அத்தை லோனாவலா லோக்கலைப் பிடித்தாள். அப்பா வாசல் வரை வந்து நின்றார். எப்போது திரும்புவாய் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.